மூன்றரை மணி ஞானிகள்

தொண்ணூறுகளின் தொடக்கம் வரை இந்திய முதலீட்டாளருக்கு ரத்த அழுத்தம் நாளைக்கு ஒரு முறைதான் ஏறியது. காலையில் பேப்பர் வரும். கண் டாக்டர்களின் நலன் கருதித் தேர்ந்தெடுத்த எழுத்தளவில் நேற்றைய விலைகள் அச்சாகியிருக்கும். பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து நம் கம்பெனி எங்கே என்று தேடிப் பிடிக்க வேண்டும். ஏறியிருந்தால் இரண்டாவது காபி. இறங்கியிருந்தால் பேப்பரை மடித்து வீட்டில் யாரும் பார்க்காத இடத்தில் வைத்துவிட்டு ஆபீஸ். ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று யாரும் சொல்லவில்லை. அது ஒரு குறையாகவும் யாருக்கும் தெரியவில்லை.

டிவி இல்லாததால் அந்தக் கால ஜனங்கள் ஏமாறாமல் இருந்தார்கள் என்று நினைத்தால் அவர்களை அவமதித்ததாகும். 1992-ல் ஹர்ஷத் மேத்தா எந்தச் சேனலின் ஒத்தாசையும் இல்லாமல், வங்கிகளின் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஏசிசி சிமெண்ட் பங்கைச் சில நூறு ரூபாயிலிருந்து 9,000 வரை தூக்கிக் காட்டினார். தேசமே அண்ணாந்து பார்த்தது. குட்டை உடைத்தவர் சுசேதா தலால் என்ற நாளிதழ் நிருபர். பேப்பர், பேனா, ஒரு நிருபர். இந்தக் கதையில் இனிமேல் அப்படி ஒரு காட்சி அதிகம் வராது என்பதால் இப்போதே ரசித்துக்கொள்ளுங்கள்.

பிசினஸ் டிவி என்ற அவதாரம் நிகழ்ந்தது அமெரிக்காவில். சிஎன்பிசி என்ற வணிகச் சேனல் 1989 ஏப்ரலில் பிறந்தது. 1995-ல் அதன் நிருபர் மரியா பார்ட்டிரோமோ நியூயார்க் பங்குச்சந்தையின் தளத்திலேயே போய் நின்று, இடித்துக்கொண்டு ஓடும் தரகர்களுக்கு நடுவில் நேரலை கொடுக்க ஆரம்பித்தார். பங்க் ராக் பாடகர் ஜோயி ரமோன் அவர்மேல் ஒரு பாட்டே எழுதினார். அதிகாரத்தைப் பார்த்துக் கத்துவதற்காகவே பிறந்த ஓர் இசை வகை, கடைசியில் ஷேர் விலை சொல்பவருக்குப் பாமாலை சூட்டியது. முதலாளித்துவம் ஜெயித்துவிட்டது என்று பெர்லின் சுவர் இடிந்தபோது நம்பாதவர்கள்கூட அன்றைக்கு நம்பியிருப்பார்கள்.

சிஎன்பிசியில் சந்தை நேரத்தில் ஒரு பங்கைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் என்ன ஆகிறது என்று பஸ்ஸே, கிரீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். 2002-ல் வெளியான முடிவு: சொன்ன சில விநாடிகளிலேயே விலை நகர ஆரம்பித்துவிடுகிறது, 15 விநாடிக்குள் வாங்கி முடித்தவருக்குச் சொற்ப லாபம் உண்டு. மற்றவர்களுக்கு நாமம். நம் வீடுகளில் ரிமோட்டைத் தேடவே அதற்கு மேல் ஆகும்.

இந்தியாவுக்கு இந்தப் பிரசாதம் 1999 டிசம்பரில், டிவி18 நிறுவனத்தோடு கைகோத்து, வந்து சேர்ந்தது. நேரம் பார்த்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். டாட்காம் காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. பெயரில் ‘சாஃப்ட்’ என்றோ ‘இன்ஃபோ’ என்றோ இருந்தால் போதும், உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கேட்பது நாகரிகமில்லாத செயலாகக் கருதப்பட்டது. 2000 பிப்ரவரியில் சென்செக்ஸ் 6,000-ஐத் தாண்டியது. கேதன் பாரேக் என்ற தரகர் பத்துப் பங்குகளைக் கையில் வைத்து விளையாடினார். சந்தையில் அவற்றுக்கு ‘கே-10’ என்றே பட்டப்பெயர். அந்தப் பத்தில் மூன்று நம் சென்னைக் கம்பெனிகள்: பென்டாமீடியா கிராஃபிக்ஸ், டிஎஸ்கியூ சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய எஸ்எஸ்ஐ. பென்டாமீடியா சிந்துபாத்தையும் பாண்டவர்களையும் கம்ப்யூட்டரில் வரைந்து படம் எடுத்தது. சிந்துபாத் ஏழு கடல் பயணத்திலும் உயிரோடு திரும்பினான். பங்கு வாங்கியவர்களைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. 2001 மார்ச்சில் பாரேக் கைதானார். அதே மாதம் ஸ்டுடியோக்களில் ‘இது எதிர்பார்த்ததுதான்’ என்ற வாக்கியம் பிறந்தது. இன்றுவரை அது ஓய்வு பெறவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று, இந்தத் தொழிலின் அடிப்படைச் சங்கடத்தைப் பார்த்துவிடலாம். சந்தை இப்போது காலை 9.15-க்குத் திறந்து மாலை 3.30-க்கு மூடுகிறது. ஆறேகால் மணி நேரம். அதில் உண்மையான செய்தி என்று ஏதாவது இருந்தால் பத்து நிமிடம் தேறும். பல நாள் அதுவும் இருக்காது. ஆயிரக்கணக்கான பேர் ஆயிரக்கணக்கான காரணங்களுக்காக வாங்குகிறார்கள், விற்கிறார்கள். ஒருவர் பெண் கல்யாணத்துக்கு விற்கிறார். இன்னொருவர் விற்றுவிட்டார் என்பதற்காகவே ஒருவர் விற்கிறார். கூட்டிக் கழித்தால் 60 புள்ளி இறக்கம். இதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ஆனால் ‘60 புள்ளி இறங்கியது, ஏன் என்று தெரியவில்லை, வணக்கம்’ என்று சொல்லிவிட்டு ஆறு மணி நேரம் பாட்டுப் போட முடியாது. காரணம் வேண்டும். கிடைக்காவிட்டால் தயாரிக்க வேண்டும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். டிவியில் வேலை தலைகீழ். முதலில் பழம் விழும். பிறகு காக்கையைத் தேடுவார்கள். அகப்படாவிட்டால் ஒரு காக்கையைக் கோட்டு போட்டு அழைத்து வந்து, கீழே ‘நிபுணர்’ என்று பெயர்ப் பட்டை ஓட விடுவார்கள். கச்சா எண்ணெய் விலை ஏறியதால் சந்தை இறங்கியது. மதியம் சந்தை ஏறிவிட்டால், கச்சா எண்ணெய் ஏற்றத்தைப் பொருட்படுத்தாமல் சந்தை ஏறியது. எண்ணெயும் இல்லை, அமெரிக்க வட்டியும் இல்லை, பருவமழையும் இல்லை என்றால் இருக்கவே இருக்கிறது ‘லாப நோக்கில் விற்பனை’. விற்றவனுக்கு லாபம் என்று யார் போய்ப் பார்த்தார்கள்? நஷ்டத்தில் தலையில் அடித்துக்கொண்டு விற்றவன் கணக்கும் அதே பத்தியில்தான் எழுதப்படுகிறது.

சொல்வதற்கு எதுவுமில்லாதவர் அதைச் சொல்வதற்கென்றே ஒரு மொழியும் உருவானது. ‘எச்சரிக்கையான நம்பிக்கை’. ‘இறங்கினால் வாங்கலாம்’. ‘சந்தை இங்கிருந்து எந்தப் பக்கமும் போகலாம்’. கடைசி வாக்கியத்தை நான் மதிக்கிறேன். இந்த இருபத்தைந்து வருடத்தில் ஒரு நாள்கூடப் பொய்க்காத ஒரே கணிப்பு அது.

பிறகு நேயர் கேள்வி நேரம். தமிழ்ச் சேனல்களிலும் இது உண்டு. ஏறக்குறைய இப்படி நடக்கும்:

“சார் வணக்கம், தேனியிலேர்ந்து பேசறேன். ஒரு பவர் கம்பெனி ஷேர் 340 ரூபாயில 200 வாங்கினேன் சார். இப்ப 41 ரூபா. என்ன பண்ணலாம்?”

“நீங்க டிரேடரா, இன்வெஸ்டரா?”

“வாங்கும்போது டிரேடர் சார். இப்ப இன்வெஸ்டர்.”

“அப்ப ஹோல்ட் பண்ணுங்க.”

“ஸ்டாப் லாஸ் எவ்வளவு வெச்சுக்கலாம் சார்?”

“38.”

தேனிக்காரர் நன்றி சொல்லி வைத்துவிடுவார். அவருடைய வயது, கடன், பிள்ளைகள், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எதற்காக வைத்தது என்று எதுவும் கேட்கப்படவில்லை. 40 விநாடியில் அடுத்த அழைப்பு. சாதாரண ஜலதோஷத்துக்குப் போனாலே டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிறார்.

2004 மே மாதம். வாஜ்பாய் அரசு தோற்று, இடதுசாரிகளின் தயவில் காங்கிரஸ் ஆட்சி என்று ஆனது. இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் ஏ.பி.பரதன், பொதுத்துறைப் பங்கு விற்பனை நாசமாய்ப் போகட்டும் என்ற பொருள்பட இந்தியில் திருவாய் மலர்ந்தார். மைக்குகள் அதைப் பிடித்துக்கொண்டன. மே 17, திங்கள்கிழமை. ஒரு கட்டத்தில் 842 புள்ளி சரிவு, இரண்டு முறை வியாபாரம் நிறுத்தம், முடிவில் 565 புள்ளி நஷ்டம், 4,505-ல் சென்செக்ஸ். சிவப்பு எழுத்து, சிவப்புக் கொடி, பின்னணியில் இடி முழக்கம். இந்தியச் சந்தையின் அந்திம காலம் என்றே பேசப்பட்டது. அந்த 4,505-லிருந்து சென்செக்ஸ் நடந்து நடந்து 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்டது. இந்த ஏற்றம் முழுவதும் டில்லி அரசு இடதுசாரிகளின் ஆதரவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றத்துக்கான காரணப் பட்டியலில் மார்க்ஸ், லெனின், பரதன் ஆகியோரை யாரும் சேர்க்கவில்லை. வீழ்ச்சிக்கு மட்டும் சொந்தக்காரர் உண்டு.

அந்த 2008 ஜனவரி ஒரு காவியம். மும்பைப் பங்குச்சந்தை வாசலில் வெண்கலக் காளை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காளை என்றால் ஏறுமுகம், கரடி என்றால் இறங்குமுகம். சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்ட அதே மாதத்தில் சிலை வைத்த நேரத்தைப் பார்த்தால், முகூர்த்தம் குறித்தவர் கரடியின் சொந்தக்காரராக இருக்க வேண்டும். அதே மாதம் ரிலையன்ஸ் பவர் பங்கு வெளியீடு. ஒரு மின் நிலையத்தைக்கூட இன்னும் ஓடவிடாத கம்பெனி. 450 ரூபாய்க்குப் பங்கு. நாட்டில் அதுவரை நடந்த வெளியீடுகளிலேயே பெரியது. திறந்த ஒரு நிமிடத்தில் முழுவதும் கேட்டுவிட்டார்கள். முடிவில் 73 மடங்கு விண்ணப்பம். அந்த நாட்களில் டிவி பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி மடங்குக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ‘இந்தக் கம்பெனி மின்சாரம் எப்போது தயாரிக்கும்?’ என்று கேட்டால் ‘லிஸ்டிங்குக்கு எவ்வளவு கிடைக்கும்?’ என்று பதில் வந்த காலம். டிமேட் கணக்கே இல்லாதவர்கள், பாட்டி பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று என்று கணக்குத் திறந்தார்கள்.

விண்ணப்பம் முடிந்தது வெள்ளிக்கிழமை. திங்கள்கிழமை, ஜனவரி 21, சென்செக்ஸ் 1,408 புள்ளி விழுந்தது. மறுநாள் காலை திறந்ததும் கீழ் வரம்பைத் தொட்டு வியாபாரமே நின்றது. நிதியமைச்சர் ப.சிதம்பரம் பதற வேண்டாம் என்றார். சிவகங்கைக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பதறாமல் இருந்தவர்கள், பிப்ரவரி 11-ல் ரிலையன்ஸ் பவர் பட்டியலிடப்பட்டபோது பதறினார்கள். முதல் நாள் முடிவில் விலை 372 ரூபாய் 50 காசு. மச்சான் கணக்கில் வந்த பங்கு யாருடையது என்ற தகராறு பல குடும்பங்களில் தானாகவே தீர்ந்தது. யாரும் உரிமை கொண்டாடவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் இதே சமயத்தில் ஜிம் கிரேமர் என்பவர் சிஎன்பிசியில் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, பொத்தான்களைத் தட்டி மணியோசை, மாட்டுச் சத்தம் எல்லாம் எழுப்பி முதலீட்டு ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தார். 2008 மார்ச் 11-ல் ஒரு நேயர், பியர் ஸ்டெர்ன்ஸ் வங்கியிலிருந்து பணத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார். கூடாது, கூடாது, கூடாது என்று கிரேமர் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். அப்போது பியர் பங்கு 60 டாலருக்கு மேல். ஐந்தாம் நாள் அந்த வங்கியை ஜேபி மார்கன் பங்குக்கு 2 டாலர் என்று பேசி முடித்தது. பிறகு மனமிரங்கிப் 10 டாலர் ஆக்கியது. நான் சொன்னது பங்கைப் பற்றி இல்லை, வங்கிக் கணக்கில் கிடந்த பணத்தைப் பற்றி என்றார் கிரேமர். நியாயமாகச் சொன்னால் அதில் உண்மை உண்டு. கணக்கில் இருந்த பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கத்துகிறவர் சொல்வதில் இத்தனை நுணுக்கம் இருக்கும் என்று யார் கண்டது? மறு வருடம் ஜான் ஸ்டூவர்ட் என்ற நகைச்சுவைக்காரர் அவரைத் தன் நிகழ்ச்சியில் உட்கார வைத்து, பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். பொருளாதாரச் சேனலின் பழைய பேச்சைத் திரும்பப் போட்டுக் காட்ட ஒரு கோமாளி சேனல் தேவைப்பட்டது.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. 2023 மார்ச்சில் அமெரிக்காவில் இரண்டு ஃபண்டுகள் வந்தன. ஒன்று கிரேமர் சொல்வதை அப்படியே வாங்கும். மற்றது அவர் சொல்வதற்கு நேர் எதிராகப் போகும். ஒரு வருடத்துக்குள் இரண்டும் இழுத்து மூடப்பட்டன. டிவி சொல்வதைக் கேட்டாலும் பிழைக்க முடியாது, கேட்காமல் எதிர்த்தாலும் பிழைக்க முடியாது.

2009 ஜனவரி 7-ல் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். புலிமேல் ஏறிவிட்டேன், இறங்கத் தெரியவில்லை என்று உருகினார். அதுவரை காலாண்டுக்குக் காலாண்டு சத்யத்தின் லாப விகிதம் திரையில் வரும். அரை சதவீதம் கூடினால் ஒரு மணி நேரம் விவாதம், கால் சதவீதம் குறைந்தால் இரண்டு மணி நேரம். கடிதத்தில் ராஜு கணக்கைத் திருத்திக் கொடுத்தார்: முந்தைய செப்டம்பர் காலாண்டுக்கு அறிவித்த லாப விகிதம் 24 சதவீதம், உண்மையில் 3 சதவீதம். வங்கியில் கிடப்பதாகச் சொன்ன 5,000 கோடிச் சொச்சம் கிடக்கவே இல்லை. கால் சதவீதத்தைப் பிடித்த கண்களுக்கு 21 சதவீதம் தென்படவில்லை. அன்று பங்கு 40 ரூபாய்க்குக் கீழே வந்து நின்றபோது ஸ்டுடியோக்கள் திரும்பவும் அந்தப் பழைய பட்டுப்புடவையை எடுத்து உடுத்தின: இது எதிர்பார்த்ததுதான்.

ஆனால் எனக்குப் பிடித்த நாள் 2009 மே 18. இந்திய பிசினஸ் டிவியின் வரலாற்றில் அதற்கு இணையான நாள் கிடையாது.

சனிக்கிழமை தேர்தல் முடிவு வந்தது. மன்மோகன் சிங் அரசு இடதுசாரிகள் இல்லாமலேயே தப்பித்தது. ஞாயிறு முழுக்க எதிர்பார்ப்பு. திங்கள் காலை 9.55-க்குச் சந்தை திறக்கும். அந்தக் காலத்து நேரம் அது. ஸ்டுடியோக்களில் நாள் முழுவதற்கும் நிபுணர்களைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். புது டை, புது மேக்கப். சந்தை திறந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் மேல் வரம்பைத் தொட்டு இரண்டு மணி நேரம் நிறுத்தம். காத்திருந்தார்கள். 11.55-க்கு மறுபடி திறந்தது. மறுபடியும் கண்ணிமைக்கும் நேரம். மேல் வரம்பு. இந்த முறை நாள் முழுவதற்கும் கடை அடைப்பு. சென்செக்ஸ் 2,110 புள்ளி ஏற்றம், 14,284. அன்றைய மொத்த வியாபார நேரத்தில் ஒரு முட்டைகூட வேகாது.

பகல் 12 மணி. மூன்றரை வரை இன்னும் மூன்றரை மணி நேரம் இருக்கிறது. சந்தை இல்லை. கீழே விலைப் பட்டை ஓடுகிறது; ஓட மட்டும்தான் செய்கிறது, எந்த எண்ணும் மாறப்போவதில்லை. வாங்க நினைத்தவருக்கு விற்பவர் கிடையாது. விற்க நினைத்தவருக்குக் கதவு திறந்திருக்கவில்லை. பார்க்கிற யாராலும் எதையும் செய்ய முடியாத அந்த நேரத்திலும் ‘எந்தப் பங்கை வாங்கலாம்’ என்ற ஆலோசனை நிற்கவில்லை. மற்ற நாட்களிலாவது ஆலோசனைக்கும் சந்தைக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதாக ஒரு பாவனை உண்டு. சந்தையே இல்லாமல் பிசினஸ் டிவி எந்தத் தடங்கலும் இன்றி ஓடும் என்று அன்று நிரூபணமானது. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. 2004-ல் இடதுசாரிகள் வந்ததால் விழுந்தது, 2009-ல் இடதுசாரிகள் தேவையில்லை என்பதால் ஏறியது, சரி. நடுவில் அவர்களை வைத்துக்கொண்டே நாலு மடங்குக்கு மேல் ஏறியதே, அது யார் கணக்கு? கேட்டால் நிகழ்ச்சி நின்றுவிடும்.

2012 அக்டோபர் 5. நிஃப்டி சில விநாடிகளில் 900 புள்ளி விழுந்து வியாபாரம் நின்றது. போரா, பூகம்பமா, டில்லியில் ஆட்சி கவிழ்ந்ததா? ஒரு தரகு நிறுவனத்தில் யாரோ தப்பான ஆர்டரைத் தட்டிவிட்டார்கள். 59 ஆர்டர், 650 கோடி ரூபாய். அன்றைய காக்கை ஒரு விரல். 2016 நவம்பர் 9-ல் காக்கைகளுக்குப் பஞ்சமில்லை: முந்தின ராத்திரி எட்டு மணிக்கு மோடி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார், விடிந்தால் அமெரிக்காவில் டிரம்ப். காலையில் 1,689 புள்ளி சரிந்த சென்செக்ஸ் மாலையில் வெறும் 339 புள்ளி நஷ்டத்தில் முடிந்தது. காரணம் இல்லாத நாளில் பிழைப்பு நடத்தத் தெரிந்தவர்களுக்கு, இரண்டு பிரம்மாண்டமான காரணம் கிடைத்தும் சந்தை விழுந்த வேகத்திலேயே எழுந்துவிட்ட நாளில் என்ன சொல்வதென்று தெரியாமல் போனது பெரிய சோகம்.

பட்ஜெட் நாளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தமிழ் வாசகர் கோபிப்பார். 2020 பிப்ரவரி 1-ல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பேசினார். ஔவையாரையும் வள்ளுவரையும் மேற்கோள் காட்டினார். சென்செக்ஸ் 988 புள்ளி விழுந்தது. மறு வருடம் அதே தேதியில் திரும்பவும் வள்ளுவர். சென்செக்ஸ் 2,315 புள்ளி ஏறியது. ஔவையார் இல்லாததுதான் காரணம் என்று நான் ஒரு விளக்கம் கொடுத்தால், அது திரையில் சொல்லப்பட்ட மற்ற விளக்கங்களைவிட எந்த விதத்தில் மட்டம் என்று யாராவது சொல்லட்டும்.

இதெல்லாம் அறியாமைப் பாவங்கள். ஆளுக்கொரு தோப்புக்கரணத்தோடு விட்டுவிடலாம். ஆனால் எதிர்காலத்தை உண்மையிலேயே துல்லியமாகக் கணித்த சிலரும் இருந்தார்கள். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021 ஜனவரியில் ஓர் இந்தி வணிகச் சேனலின் தொகுப்பாளர் மேல் உத்தரவு போட்டது. தன் நிகழ்ச்சியில் நாளைக்கு எந்தப் பங்கைப் பரிந்துரைக்கப் போகிறோம் என்பது அவருக்கு இன்றைக்கே தெரியும் அல்லவா? மனைவி கணக்கிலும் தாயார் கணக்கிலும் முதல் நாளே வாங்கி, பரிந்துரை ஒளிபரப்பாகிக் கூட்டம் ஓடிவந்ததும் விற்றதாகக் குற்றச்சாட்டு. 2024 பிப்ரவரியில் இன்னொரு சேனலில் வந்து போன ‘விருந்தினர் நிபுணர்கள்’ ஐந்து பேர். டிவியில் சொல்லப்போவதை முன்கூட்டியே வேண்டியவர்களிடம் சொல்லி, அவர்கள் வாங்கி வைத்து, ஒளிபரப்புக்குப் பிறகு தள்ளிவிட்டதாக இடைக்கால உத்தரவு, 7.41 கோடி ரூபாயை முடக்கினார்கள். ஆக, நிபுணர் நம்பிய பங்கு என்று எதுவும் இல்லை. டிவி பார்க்கிறவர் வாங்குவார் என்பதை மட்டும் உறுதியாக நம்பினார். அந்தக் கணிப்பு பலித்தது.

சேனல்களால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது பொய். கம்பெனித் தலைவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கிறார்கள். சட்டம் மாறினால் அன்றைக்கே விளக்குகிறார்கள். நாலு நல்ல தொகுப்பாளர்கள், படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கிறவர்கள், இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் சாதாரண முதலீட்டாளருக்குப் பெரும்பாலான நாட்களில் தேவைப்படும் ஆலோசனை அருணகிரிநாதருக்கு முருகன் சொன்னதாகச் சொல்வார்களே, அதுதான்: சும்மா இரு. இதை ஒரு சேனல் சொன்னால் விளம்பரம் கொடுக்கும் தரகு நிறுவனம் என்ன செய்யும்? அதற்கு வருமானம் நாம் வாங்கினாலும் விற்றாலும்தான். சும்மா இருந்தால் இல்லை. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட கணக்கின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதையும் சேனல்கள் முக்கியச் செய்தியாகப் போட்டன. போட்டுவிட்டு, இடைவேளைக்குப் பிறகு அன்றைய ஆப்ஷன் பரிந்துரைகளுக்குப் போனார்கள்.

கடைசியாக 2024 ஜூன். வாக்குக் கணிப்புகள் ஆளுங்கட்சிக்கு அமோக வெற்றி என்றன. ஜூன் 3-ல் சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறியது. ஜூன் 4-ல் வாக்கு எண்ணினார்கள். 4,390 புள்ளி இறங்கியது. முதலீட்டாளர்களுக்கு 31 லட்சம் கோடி இழப்பு என்று எல்லாத் திரையிலும் எழுத்து. அந்த வெள்ளிக்கிழமைக்குள் சென்செக்ஸ் புதிய உச்சத்தில் முடிந்தது. நடுவில் மூன்று நாள் அந்த 31 லட்சம் கோடி எந்த வீட்டுப் பரணில் இருந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. ஆனால் அந்த வாரத்தில் ஒன்று நடந்தது. தப்பாகக் கணித்த வாக்குக் கணிப்பாளர் ஒருவர் நேரலையிலேயே கண்ணீர் விட்டு அழுதார். பங்குக் கணிப்பு தவறியதற்காக ஸ்டுடியோவில் யாரும் அழுது நான் பார்த்ததில்லை. அழுவதற்குப் போன வாரம் சொன்னது நினைவிருக்க வேண்டும்.

எனவே சேனல்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு மணி நேரம் முகூர்த்த வியாபாரம் நடக்கிறது. ஜரிகைக் குர்தா அணிந்த நிபுணர்கள் வரிசையாக உட்கார்ந்து, அடுத்த தீபாவளிக்குள் இரட்டிப்பாகும் பத்துப் பங்குகளைச் சொல்கிறார்கள். இந்த வருடமும் தாராளமாகச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால், போன தீபாவளி நிகழ்ச்சியை, வெட்டாமல், அதே குர்தாவோடு, முழுசாக ஒரு முறை மறுஒளிபரப்பு செய்யுங்கள். பழைய படங்களைப் பண்டிகைக்குப் பண்டிகை போட்டு ஓட்டுகிற நாடு இது. இதையும் உட்கார்ந்து பார்ப்போம்.